ஏழாவது குடக்காரி

— செருப்பை வெளியவே விட்டுட்டு வாங்க மேஸ்திரி. பொம்பளைங்க குளிக்கிற கூடம் இது. திறந்து இருபத்துநாலு வருஷமாச்சு, ஒரு ஆம்பளைக் கால் இந்தத் தரையில பட்டதில்ல.

— பட்டிருக்கு பிரோஷ்கா. என் கால் பட்டிருக்கு. இந்தச் சுவத்துக்குச் சுண்ணாம்பு பூசினது யாரு, உங்க வாசல்காரம்மாவா?

— அது திறக்கறதுக்கு முந்தி. திறந்த பிறகு சட்டம்னா சட்டம்தான். குழாய் வெடிச்சாக்கூட ஆம்பளை உள்ள வரணும்னா கமிட்டி கையெழுத்து வேணும். அதுவும் கூடத்துக்கு லீவு விடற திங்கக்கிழமை மட்டும்தான். உங்க கடுதாசியில 'ஒரு ஆள்'னு போட்டிருக்கு. அதான் கூட வந்தவரை வாசல்லேயே நிறுத்தச் சொல்லிட்டேன்.

— நிக்கட்டும். காத்திருந்து பழகினவன்தான்.

— நல்லா இருக்கு உங்க ஆளு. மாடி ஜன்னல்லேருந்து கையைக் கையைக் காட்டினேன், வண்டியை வெயில்லேருந்து நகத்துங்கன்னு. தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு, வண்டிச் சக்கரத்தைப் புடிச்சபடி உக்காந்திருக்காரு. திரும்பிக்கூடப் பாக்கல. அவ்வளவு திமிரு.

— அவனை விடு. வயித்துக்கு எதாவது இருந்தா அனுப்பு, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல.

— கசகசா ரொட்டி அனுப்பியாச்சு. என்னை என்ன ராட்சசின்னு நெனச்சீங்களா?

— ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க. ஸ்டேஷன்ல இறங்கி, சாமானுக்கு ஒரு கைவண்டி எடுத்துக்கிட்டு, தெருவெல்லாம் மாறிப்போச்சேன்னு குளியல் கூடத்துக்கு வழி கேட்டேன். ஐஸ்கட்டி பிரோஷ்காகிட்டயா போறீங்கன்னு ஒருத்தி சிரிக்கிறா. ஜனவரிப் பனியிலகூட மேல இருக்கிற எட்டு ஜன்னலையும் திறந்து வெச்சிருப்பியாமே. வெந்நியில உக்காந்தவங்களுக்குத் தலையில பனி விழுமாமே.

— விழுந்தா என்ன, சளி புடிச்சுச் செத்தா போயிட்டாங்க? இப்போ மூடித்தானே வெச்சிருக்கேன்.

— அதான் பாத்தேன். நல்ல ஆவி. சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு.

— போன வருஷத்துலேருந்து மூடிட்டேன். வயசாகுது, எனக்கே குளிருது. சரி, கடுதாசியைப் படிங்க. என்ன வேலைக்கு வந்தீங்கன்னு என் காதாலயும் கேட்டுக்கறேன்.

— உனக்குத் தெரியாததா? உன் பேருதானே முதல் வரியிலேயே இருக்கு. இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். 'மகளிர் நீராடு கூடத்தின் கிழக்குச் சுவரில், குடம் ஏந்திய ஏழு பெண்களில் ஏழாவது உருவத்தின் முகம் உதிர்ந்து நீரில் விழுவதாகப் பணியாளர் பிரோஷ்கா அளித்த மனுவின்பேரில், மேற்படி முகத்தைச் செங்கல் வரை செதுக்கி அகற்றி, புதிதாகப் பூசி, அவ்விடத்தில் பூங்கொத்து ஒன்று தீட்டப்பட வேண்டும்.' அவ்வளவுதான். 'கொத்தனார் கெர்கெய், ஒரு ஆள்'னு என் பேரு. கீழ முத்திரை.

— செங்கல் வரைக்குமா?

— செங்கல் வரைக்கும்.

— என் மனுவுல செதுக்கறதுன்னு ஒரு வார்த்தை இல்ல.

— பின்ன என்ன எழுதினே?

— அப்புறம் சொல்றேன். முதல்ல அந்த உளியைக் கீழ வைங்க.

— உளி இல்லாம எப்படி? அரை மணி நேர வேலை.

— வெந்நீர் இருக்கு, துணி இருக்கு. நனைச்சு நனைச்சு மேலாப்புல எடுங்க. உளி அடிச்சீங்கன்னா சில்லு தெறிச்சு என் தரை ஓடு போயிடும். இந்த நீல ஓடு இப்போ எங்கயும் கிடைக்காது.

— ஓட்டுக்காகவா இவ்வளவு கவலை?

— வேற எதுக்கு? நீங்களும்தான் உளியைக் கையில எடுத்து எவ்வளவு நேரம் ஆச்சு, சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க. வேலைக்கு வந்தவரு மாதிரியா தெரியுது?

— நான் இதை முழுசாப் பாத்ததே இல்ல பிரோஷ்கா. பூசினப்போ சாரம் மறைச்சது. சாரத்தைப் பிரிச்ச அன்னிக்கே ஆம்பளைங்களை வெளிய அனுப்பிட்டாங்க. நாணல் இவ்வளவு பச்சையா இருக்கும்னு எனக்குத் தெரியாது. இந்தக் கொக்கு, அதோ அந்த மீன்காரர் பொண்ணு, பேக்கரி வீட்டு ரெட்டைப் பொண்ணுங்க, எல்லாரும் நேத்து தீசா ஆத்துலேருந்து தண்ணி மொண்டுட்டு வந்த மாதிரி இருக்காங்க. இதை எழுதின ஒஸ்வாத் கை கைதான்.

— அந்தப் பேரை இங்க சொல்லாதீங்க.

— ஏன்? அவ்வளவு கோவமா?

— கோவத்தைக் கேக்கறீங்களா? கேளுங்க, சொல்றேன். நீங்களும் அங்கதான் இருந்தீங்க, ஆனா நீங்க சுண்ணாம்பைத்தான் பாத்தீங்க. எனக்கு அப்போ பத்தொம்பது. சுண்ணாம்புத் தண்ணி சுமக்க எங்கம்மா என்னை இங்க சேத்துவிட்டா. அந்த ஈஸ்டர் திங்கக்கிழமை, ஊர்ப் பசங்க எல்லாம் பொண்ணுங்க மேல தண்ணி ஊத்தக் கிளம்பினாங்க இல்ல, உங்க சிநேகிதரும் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. ஊத்தறதுக்கு முந்தி பாட்டு சொல்லணும். பட்டணத்து ஆளு, அதுவும் தெரியல. அவசரத்துல வாளியையும் மாத்தி எடுத்துட்டு வந்திருக்காரு. ஊத்தினது சுண்ணாம்புத் தண்ணி. என் நீல ரவிக்கை காய்ஞ்சதும் திட்டுத் திட்டா வெளுத்துப்போச்சு. எங்கம்மா துடைப்பத்தோட தெரு முனை வரைக்கும் தொரத்தினா. மறுநாள் சாரத்துக்கு மேலேருந்து குனிஞ்சு, ரவிக்கை வாங்கித்தர வசதி இல்ல, உன்னை ஏழாவதா எழுதிடறேன்னாரு.

— தெரியும். அந்தச் சுண்ணாம்பு நான் குழைச்சது.

— மூணு நாள் நின்னேன் மேஸ்திரி. மேலேருந்துதானே கீழ வரணும், முதல் நாள் குடமும் கையும். ரெண்டாம் நாள் முகம். மூணாம் நாள் பாவாடையும் பாதமும். விடியறப்போ நீங்க அன்னிக்கு வேண்டிய அளவுக்குப் பூசிட்டு இறங்குவீங்க, அது காயறதுக்குள்ள அவரு முடிக்கணும், அதனால நான் அசையக் கூடாது. முகத்து அன்னிக்கு, முதல்ல காகிதத்தைச் சுவத்துல ஒட்டி, ஆணி நுனியால அழுத்தி அழுத்திக் கோடு போட்டாரு. அப்புறம் மத்தியானம் வரைக்கும் என்னைப் பாத்தாரு, சுவத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. அவ்வளவு நேரம் என்னை யாரும் பாத்ததில்ல. அதுக்கு முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல.

— பேசிக்கிட்டீங்களா?

— என்னத்தைப் பேச? வாயை அசைச்சா உதடு கெட்டுப்போகும்னாரு. அவருதான் பேசினாரு. அடுத்த வருஷம் எங்க வேலைன்னு தெரியல, எங்க இருந்தாலும் ஈஸ்டருக்கு நல்ல தண்ணியோட வருவேன், பாட்டும் கத்துக்கிட்டு வருவேன்னாரு. அதுக்கு நான் பதில் சொல்லல. உதடு கெட்டுப்போயிடுமே. அன்னிக்கு வாயைத் திறந்திருந்தா என் உதடு போயிருக்கும், அவ்வளவுதானே. 

— ம்.

— திறப்பு விழாவுக்கு எங்க தெருவே வந்துச்சு. பொம்பளைங்களுக்கு மட்டும்தான் உள்ள இடம், நீங்கள்லாம் அந்தப் பக்கம் பிளம் சாராயம் குடிச்சுக்கிட்டு இருந்தீங்க. என் மக சுவத்துல இருக்கான்னு எங்கம்மா ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருந்தா. திரையை இழுத்தாங்க. என் குடம், என் கை, என் பாவாடை. கழுத்துக்கு மேல நகரத் தலைவர் சம்சாரம் எதெல்கா அம்மா, ரெட்டைத் தாடையோட, பவளத் தோட்டோட. யாரோ ஒருத்தி சொன்னா, உடம்பு பிரோஷ்கா, தலை எதெல்கான்னு. கூடமே சிரிச்சது. எங்கம்மா முகத்தைப் பாக்க முடியல. நான் வெளிய ஓடி அவரு எங்கேன்னு கேட்டேன். காலை ரயில்லேயே போயிட்டாராம். போதுமா, கோவம் எவ்வளவுன்னு தெரிஞ்சுதா?

— தெரிஞ்சுது. இப்போ நான் சொல்றதைக் கேப்பியா?

— திங்கக்கிழமை பூரா என் பொழுதுதான். சொல்லுங்க.

— கடைசி வாரம் எதெல்கா அம்மா தானே வந்து நின்னா. குடையை நீட்டி உன் முகத்தைக் காட்டி, சுண்ணாம்பு சுமக்கிற பொண்ணு முகத்தைப் பாத்துக்கிட்டா நாங்க குளிக்கணும், என் முகத்தைப் போடுன்னா. அவன் முடியாதுன்னான். கமிட்டி கூடிச்சு. மாத்தலைன்னா ஏழு பேரையும் செதுக்கிட்டு ஓடு பதிச்சுடுவோம்னாங்க. அன்னிக்குச் சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் சாரத்து மேல கால் தொங்கப்போட்டு உக்காந்திருந்தோம். அவன் சுவத்தை விரலால தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தான். திடீர்னு கேட்டான், கெர்கெய், ஈரத்துல எழுதினது எத்தனை நாள் நிக்கும்னு. சுவரு நிக்கிற வரைக்கும்னேன். காய்ஞ்சதுக்கு மேல சாயத்தைப் பால்பசையில குழைச்சு எழுதினா? இந்த ஆவிக்கு ஒரு வருஷம், மிஞ்சினா ஒண்ணரைன்னேன். சிரிச்சான் பாரு, சாரமே ஆடிச்சு.

— ம். அப்புறம்?

— என்ன பிரோஷ்கா, புரியலையா உனக்கு? செதுக்கிட்டுப் புதுசா ஈரம் பூசித்தான் எதெல்கா அம்மாவை எழுதணும்னு உத்தரவு. அவன் செதுக்கல. திரை கட்டிக்கிட்டு, உன் மேலேயே மெலிசா அவளை எழுதினான். ஆவி அவளைக் கழுவிட்டுப் போயிடும், நீ நிப்பேன்னு கணக்கு. சுண்ணாம்பு சத்தியமா சொல்றேன், அவன் உன்னை அழிக்கல. மறைச்சு வெச்சான்.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— நம்பலையா? இரு, அந்தத் துணியைக் குடு. வெந்நியில நனைச்சு இந்த ஓரத்துல ஒத்தறேன். வருது பாரு, பாலாடை மாதிரி வருது. பவளத் தோடு போச்சு. இப்போ பாரு. இது எதெல்கா அம்மா காதா? மடல்ல ஒரு வெட்டு இருக்கு.

— அஞ்சு வயசுல வாத்து கடிச்சது.

— அப்போ இது நீதானே? நீதான் பிரோஷ்கா. இருபத்துநாலு வருஷமா நீ இங்கேயே இருந்திருக்கே.

— தெரியும் மேஸ்திரி.

— என்ன தெரியும்?

— நான் உள்ள இருக்கறது தெரியும். திறந்த வருஷம் நவம்பர்லேருந்து தெரியும்.

— எப்படி? இன்னிக்குத்தானே காது வெளிய வருது.

— சுவத்தைத் துடைக்கிற வேலையும் எனக்குத்தான் குடுத்தாங்க. அவ முகத்தை மட்டும் கோவத்துல அழுத்தி அழுத்தித் துடைப்பேன். ஒரு நாள் துணி நழுவி, விரல் பட்டுச்சு. படத்துல கோடே இல்லாத இடத்துல விரலுக்கு ஒரு பள்ளம். ஆணி நுனியால அழுத்துவாரே, அந்தக் கோடு. அது போற வழியே விரலை விட்டேன். போயி ஒரு காதுல நின்னுச்சு, வெட்டுப்பட்ட காதுல. அப்படியே கன்னம், மூக்கு, அவரு கெடக்கூடாதுன்னு சொன்ன உதடு. கண்ணுக்கு எதெல்கா அம்மா, கைக்கு நான். இதே இடத்துல உக்காந்து அழுதேன் மேஸ்திரி. சந்தோஷத்துல அழுதேன்.

— கோட்டை அடைச்சுட்டு எழுதுன்னு நான் சொன்னேன். அவன் அடைக்கல. இப்போதான் ஏன்னு புரியுது. ஆனா ஒண்ணு எனக்கு இன்னும் விளங்கல. இந்த ஆவியில அவ ஒரு வருஷத்துல விழுந்திருக்கணும். என் கணக்கு எங்கயும் தப்பினதில்ல. எப்படி இத்தனை வருஷம் நின்னா?

— நான் நிக்க வெச்சேன்.

— நீயா?

— முதல் வருஷமே அவ தாடையில பொறுக்கு தட்ட ஆரம்பிச்சது. அது விழுந்து நான் தெரிஞ்சா என்ன ஆகும்? எதெல்கா அம்மா வாரத்துல மூணு நாள் இந்தத் தண்ணியில உக்காந்து தன் முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருப்பா. மறுநாளே உளியோட ஆள் வந்துடும், செங்கல் வரைக்கும். அதான் ஜன்னலைத் திறந்தேன். எட்டு ஜன்னலையும். ஆவி சுவத்துல தங்கக் கூடாது. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, அவ முகத்தைக் காய்ஞ்ச துணியால ஒத்தி ஒத்தி எடுப்பேன், குழந்தைக்குத் தலை துவட்டற மாதிரி. ஐஸ்கட்டின்னாங்க, பைத்தியம்னாங்க, வேலையை விட்டுத் தூக்கணும்னு ரெண்டு தடவை கமிட்டிக்குப் போனாங்க. தூக்கவிடாம காப்பாத்தினது யாரு தெரியுமா? எதெல்கா அம்மாதான். என் படத்தை அவளை மாதிரி யாரும் பாத்துக்கறதில்லன்னு சொன்னாளாம்.

— அடிப்பாவி.

— எனக்குப் பிடிக்காத முகத்தை இருபத்துமூணு வருஷம் பிள்ளை மாதிரி வளத்தேன் மேஸ்திரி. அவ நின்னாத்தானே நான் பிழைப்பேன். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தி, தபசு காலத்துல அவளைப் புதைச்சாங்க. நானும் போனேன், ஒரு பிடி மண்ணு போட்டேன். கல்லறையிலேருந்து நேரா இங்க வந்து எட்டு ஜன்னலையும் மூடினேன். இந்த வருஷம் ஈஸ்டருக்கு நெத்தி உதிர ஆரம்பிச்சது. ஒரு வருஷம். உங்க கணக்கு சரிதான்.

— இவ்வளவு தெரிஞ்சவ, அவனுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே.

— எங்க எழுதறது? காலை ரயில்ல ஏறினாருங்கறது மட்டும்தான் தெரியும். உங்களைத் தேடி வந்தேன், நீங்க தெமெஷ்வார்ல வேலைக்குப் போயிட்டீங்கன்னாங்க. சரி, வருவாருன்னு இருந்தேன். ஒரு முகத்தை ஈரத்துல பதிச்சு, யாருக்கும் தெரியாம மூடி வெச்சுட்டுப் போறவரு அதைப் பாக்க வராம இருப்பாரா? ஈஸ்டருக்கு வரேன்னு சொன்னவருதானே. முதல் ஈஸ்டருக்கு ரவிக்கை தெச்சு வெச்சேன். அப்புறம் உலகச் சண்டை வந்துருச்சு. சண்டை முடிஞ்சா வருவாருன்னு இருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் பெண்டாட்டியை இழந்துட்டு வந்து என்னைப் பொண்ணு கேட்டாரு, மாட்டேன்னேன். ஒவ்வொரு ஈஸ்டர் திங்கக்கிழமையும் வீட்டுல கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். இப்பவும்தான். நாப்பத்துமூணு வயசுல எவன் வந்து தண்ணி ஊத்துவான்? உக்காந்திருப்பேன்.

— என்னைத் திட்டு பிரோஷ்கா. அந்தத் துடைப்பத்தை எடுத்து அடி.

— ஏன்?

— அவன் வருவான்னு நீ இருந்தே. நீ எழுதுவேன்னு அவன் இருந்தான். ரயில் ஏறறப்போ கேட்டேன், பிரோஷ்காகிட்ட நான் சொல்லிடட்டுமான்னு. வேண்டாம், அவ வாயில ஒண்ணும் நிக்காது, எதெல்கா காதுக்குப் போயிடும், சுவரே அவகிட்ட சொல்லட்டும்னான். விலாசத்தை மட்டும் என்கிட்ட குடுத்தான். சுவரு பேசினதும் அவ உன்னைத் தேடி வருவா, சிரிச்சுக்கிட்டே வருவா, அப்போ குடு. அவ கூப்பிட்டாத்தான் நான் வருவேன், ஊரு சிரிச்சதுக்கு அவ மன்னிச்சாத்தான் வருவேன்னான். நான் என்ன பண்ணினேன்? ஒரே வாரத்துல தெமெஷ்வாருக்குப் போயிட்டேன், விலாசம் சட்டைப்பையிலேயே இருந்துச்சு. பெரிய வேலை, மாதா கோயில் கூரை. ஒண்ணரை வருஷம் கழிச்சு ஞாபகம் வந்துச்சு. இவ்வளவு நாள்ல முகம் உதிர்ந்திருக்கும், அவ பாத்திருப்பா, மனசு இருந்தா என்னைத் தேடியிருப்பான்னு நெனச்சேன். உள்ள வந்து பாக்க முடியுமா? ஆம்பளை வரக் கூடாது. வேற பொம்பளையைக் கேட்டா விஷயம் வெளிய போயிடும். அவனுக்கு எழுதினேன்.

— என்னன்னு எழுதினீங்க?

— 'முகம் இதற்குள் உதிர்ந்திருக்கும். அவள் பார்த்திருப்பாள். இன்னும் கூப்பிடவில்லை என்றால் அதுதான் அவள் பதில்.' இவ்வளவுதான் எழுதினேன். மூணே வரி.

— மூணு வரி.

— திட்டு.

— உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது. நானும்தான் ஜன்னலைத் திறந்து வெச்சேன். அவரு... இருக்காரா மேஸ்திரி?

— இருக்கான். சண்டைக்குப் போயிட்டுத் திரும்பினான். அதுக்குள்ள எல்லையை நகத்திட்டாங்க, அவன் ஊரு நாஜ்வாராத் அந்தப் பக்கம் போயிருச்சு. கல்யாணம் பண்ணிக்கல. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு ஒரு கடுதாசி வரும். எழுதின கை வருஷத்துக்கு வருஷம் வேற, கேள்வி மட்டும் ஒண்ணுதான்: 'சுவர் பேசிவிட்டதா?'

— படம் எழுதறாரா?

— இல்ல. கூடை முடையறான்.

— கூடையா? அந்தக் கையை வெச்சுக்கிட்டுக் கூடையா?

— கை நல்லாத்தான் இருக்கு. என்னைக் கேட்டியே, நீ சொல்லு. மனுவுல நிஜமா என்ன எழுதினே?

— சிரிக்காதீங்க. 'இந்தச் சுவரை எழுதியவரையே வரவழைக்க வேண்டும், இதன் பக்குவம் வேறு யாருக்கும் தெரியாது'ன்னு எழுதினேன். ஆம்பளை இங்க வரதுக்கு வேற என்ன வழி இருக்கு? எனக்கு விலாசம் தெரியாது, கமிட்டி தேடிக் கண்டுபிடிப்பாங்கன்னு நம்பினேன். குமாஸ்தா கொத்தனாரே போதும்னு எழுதிட்டான் போல. கடுதாசியில உங்க பேரைப் பாத்ததும் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்துச்சு தெரியுமா? மூஞ்சியில வெந்நியை ஊத்தலாம்னு இருந்துச்சு.

— ஊத்தியிருக்கலாம். எனக்கு உத்தரவு வந்த அன்னிக்கே அவனுக்கு எழுதிட்டேன், செங்கல் வரைக்கும் செதுக்கப் போறாங்க, உளி என் கையிலதான்னு. நாலாவது நாளு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கறான்.

— என்ன சொல்றீங்க?

— வாசல்ல வண்டிச் சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது யாருன்னு நெனச்சே? பிரோஷ்கா? உக்காரு. அந்தக் கல்லு மேல உக்காரு, தண்ணியில விழுந்துடாதே.

— அந்தத் தொப்பிக்காரரா?

— அவன்தான்.

— நான் கையைக் காட்டினேனே மேஸ்திரி. நல்லா ஜன்னல்லேருந்து எட்டிக் காட்டினேனே. திரும்பலையே. என்னைத் தெரியலையா, தெரிஞ்சும் திரும்பலையா?

— அவன் சொல்லித்தான் என்னை முதல்ல உள்ள அனுப்பினான். அவ மனசைப் பாத்துட்டு வா, வெறுப்பா இருந்தா நான் வந்ததையே சொல்லாதே, நீ உன் வேலையை முடிச்சுட்டு வந்துடு, போயிடலாம்னான். நான் போயிக் கூட்டிட்டு வரேன். சட்டத்தை எல்லாம் ஒரு மணி நேரம் அப்படி வெச்சுக்கோ.

— வேண்டாம். நில்லுங்க.

— ஏன்?

— என்னைப் பாருங்க மேஸ்திரி. நல்லாப் பாருங்க. இந்தத் தண்ணி என் முடியைத் தின்னுருச்சு. கை ரெண்டும் ஊறி ஊறிச் செத்தவ கை மாதிரி இருக்கு. முன்பல்லு ஒண்ணு இல்ல. அவரு விட்டுட்டுப் போனது பத்தொம்பது வயசுப் பொண்ணை. அவ இதோ இருக்கா, ஈரத்துல எழுதினவ, ஒரு சுருக்கம் விழல. மீதியையும் ஒத்தி எடுத்துட்டு, அவளைக் காட்டுங்க. இருபத்துநாலு வருஷம் அவளை அவருக்காகத்தானே வெச்சிருந்தேன். அவரு அவளையே பாத்துட்டுப் போகட்டும். நான் கொல்லைப்பக்க வாசல் வழியாப் போயிடறேன். பிரோஷ்கா இங்க வேலையை விட்டு நாளாச்சுன்னு சொல்லிடுங்க.

— பிரோஷ்கா.

— கும்பிட்டுக் கேக்கறேன். அவரு கண்ணுல நான் இப்படி விழ வேண்டாம்.

— பாக்கறதுக்கு அவனுக்குக் கண்ணு இல்ல தங்கச்சி. ரெண்டும் சண்டையில, கலீசியா முனையிலேயே போயிருச்சு. ஈரத்துல போட்ட கோடு இன்னும் விரலுக்குத் தட்டுப்படுமான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்து உக்காந்திருக்கான்.